உளநூல் வல்லார் கிரீந்திரசேகர போஸ்

மதுரை மாவட்டத்தின் மேல்பால், உசிலம்பட்டிக்கு அப்பால், மலைத்தொடரின் அடிவாரத்தை அடுத்துள்ள எழுமலை யான் பிறந்த ஊராகும். யான் எட்டு வயதுச் சிறுவனாயிருந்த காலத்தில் என் சிற்றப்பனார் அவ்வூரிற் சித்தங் கலங்கினார். அதற்கு முன் அவர் பருத்தி மண்டியொன்றிற் கணக்கெழுதி வந்தவர். கூட்டலில் ஒரு ரூபாய் பிழைத்தாலும் அன்றிரவு உறங்காதவர். அத்தகையவர் சில திங்களுள், எதிரில் இல்லாத மனிதர் தம்மை ஏசும் குரலைக் கேட்கலானார். தம் சோற்றில் அயலார் நஞ்சு கலக்கின்றனர் என்று நம்பி உணவை வெறுத்தார். ஊரார் கூடினர். பேய் என்றனர் சிலர். செய்வினை என்றனர் சிலர். உரிய காலத்தில் மணம் முடிக்காத குறை என்றார் ஒருவர். முடிவில் மாட்டுத் தொழுவத்துக் கல்தூணில் அவரைக் கயிற்றாற் பிணித்தனர். பதினொரு நாள் அவர் அங்கிருந்தார். அவருக்குச் சோறு கொண்டு செல்லும் வேலை எனக்கு இடப்பட்டது. யான் தட்டைத் தூரத்தே வைத்துக் கோலால் தள்ளிவிட்டு ஓடி வந்தேன். என்னைத் தோளில் ஏற்றிச் சந்தைக்கு அழைத்துச் சென்றவர் அவரே என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை.

மனம் பிறழ்ந்தவர் என்பவர் யார்? அவரை மற்றவரினின்றும் பிரிக்கும் கோடு யாது? அதனை வரைபவர் யாவர்? இவ்வினாக்கள் அன்று தொட்டு என்னை விட்டு நீங்கவில்லை. நம் கல்லூரி நூல்நிலையத்தில் உளநூல் பற்றிய புத்தகங்களைப் புரட்டிய போதுதான், இவ்வினாக்களை நம் நாட்டில் விஞ்ஞான முறைப்படி ஆராயத் தொடங்கிய முன்னோருள் ஒருவரான வங்காள மருத்துவர் கிரீந்திரசேகர போஸ் என்பாரின் வரலாறு எனக்குக் கிடைத்தது. ஜகதீச சந்திர போஸையும் சுபாஷ் சந்திர போஸையும் அறிந்த நம் மாணவரிற் பலர் இந்த போஸை அறியார். அவரது வாழ்வை அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அவர் 1887-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் தோன்றினார். தந்தையார் சந்திரசேகர போஸ், வட பீகாரில் உள்ள தர்பங்கா ஜமீனில் உயர்ந்த அலுவல் பார்த்தவர். வேதாந்த நூல்களில் ஈடுபாடு மிக்கவர். ஆகவே இளமைப் பருவத்தை மைந்தர் தர்பங்காவிலேயே கழித்தனர். உடன்பிறந்தாருள் ராஜசேகர போஸ் என்பவர் வங்க மொழிக்கு அகராதி தொகுத்தவர். பரசுராமர் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் பெரும்புகழ் கொண்டவர். தமையனார் நாட்டைச் சிரிப்பித்தார், தம்பியார் நாட்டின் அழுகைக்குச் செவி கொடுத்தார் என்று எழுதத் தோன்றுகிறது. அது சற்று மிகையே. எனினும் பின்னாளில் அத்தமையனாரின் கொடையே தம்பியாரின் பெருமுயற்சிக்கு நிலமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்கத்தா சென்று மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1910-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே அறிதுயில் என்னும் மனவசியக் கலையில் அவருக்கு விருப்பம் மிகுதி. அதனை வேடிக்கையாகக் கற்கத் தொடங்கியவர், பட்டம் பெற்று மருத்துவத் தொழிலை மேற்கொண்ட பின்னர், உடலில் யாதொரு குறையும் காணப்படாதிருந்தும் நோயால் வருந்துவோர் பலர் தம்மை நாடி வருவதைக் கண்டார். மருந்து கேளாத அந்நோய்களின் வேர் எங்கேயுள்ளது என்று தேடலானார்.

அக்காலத்தில் மனநோயாளருக்கு நாட்டில் இருந்த புகலிடங்களை நினைத்தல் வேண்டும். நம் சென்னையில் 1794-லேயே பித்தருக்கென ஒரு காப்பகம் ஏற்பட்டது. கீழ்ப்பாக்கத்து விடுதி 1871-ல் எழுந்தது. இவை யாவும் நோய் நீக்கும் இடங்களாயிருந்ததைக் காட்டிலும், பிறருக்கு இடையூறு நேராதவாறு ஒருவரை அடைத்து வைக்கும் இடங்களாகவே பெரிதும் இருந்தன. 1912-ஆம் ஆண்டின் பித்தர் சட்டம், ஒருவர் பித்தரா அல்லரா என்று தீர்த்து உள்ளே அனுப்பும் அதிகாரத்தை மாஜிஸ்டிரேட்டின் கையில் வைத்தது. மதிலுக்கு உள்ளே இருப்பவர் பித்தர், வெளியே இருப்பவர் தெளிந்தோர் என்பதே சட்டத்தின் நோக்கு. ஏழைகளோ அங்கும் செல்லாது தெய்வ சந்நிதிகளை நாடினர். திருச்சியை அடுத்த குணசீலத்துப் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குதல், இராமநாதபுரத்துக் கடற்கரையில் உள்ள ஏர்வாடித் தர்காவிற் கிடத்தல், புளியம்பட்டி அந்தோனியார் கோயிலில் நோன்பிருத்தல் என்னும் இவ்வழக்கங்கள் இன்றும் நிலவுகின்றன. மூன்று சமயத்தாரும் இவ்வொரு துன்பத்தில் ஒரே வழியே நடந்துள்ளனர் என்பது வியப்பு. அவ்விடங்களுக்குச் செல்வோரை எள்ளி நகைக்க எனக்கு மனமில்லை. செல்வதற்கு வேறிடம் அவர்களுக்கு இருக்கவில்லை.

நிற்க, பிறழ்ச்சி என்பதை உளநூலார் எங்ஙனம் வரையறுக்கின்றனர் என்று காண்போம். பெரும்பான்மையோரிடம் காணப்படாத இயல்பே பிறழ்ச்சி என்பது ஓர் அளவுகோல். அவ்வளவுகோலாற் பார்த்தால், கும்பகோணத்திற் கணக்குப் போட்டுக் கொண்டிருந்த இராமானுஜனும் பிறழ்ந்தவரே ஆவார். அவரைப் போல்வார் நூறாயிரத்தில் ஒருவரும் இலர். சமுதாயத்தின் வழக்கத்தை மீறுவதே பிறழ்ச்சி என்பது மற்றோர் அளவுகோல். அதன்படி நோக்கின், அழகிய உடலை உதறிப் பேயுருக் கொண்டு, கண்டோர் அஞ்சி ஓடத் தலையால் நடந்த காரைக்காலம்மையார் நிலை என்னாம்? நம் ஆண்டவரையும் மதிமயங்கினார் என்று கருதி அவருடைய உறவினரே பிடித்துக்கொண்டு போக வந்தனர் என மாற்கு சுவிசேஷம் கூறுகின்றது. இனி, தனக்குத் துன்பம் விளைத்துத் தன் கடமைகளைச் செய்யவொட்டாது தடுப்பதே பிறழ்ச்சி என்பது மூன்றாவது அளவுகோல். இதுவே மூன்றனுள்ளும் மனிதத்தன்மை உடையது. ஆயினும் களிவெறி கொண்ட நோயாளி தன்னினும் இன்புற்றிருப்பவர் உலகில் இல்லை என்றே எண்ணித் தன் வீட்டை விற்றுத் தெருவில் இறைப்பான். அவனுக்குத் துன்பம் தெரிவதில்லை. எனவே இவற்றுள் ஒன்றைமட்டும் நம்பி எவரையும் பித்தர் எனல் ஆகாது என்றும், பலவற்றையும் சேர்த்து நோக்கி, அவரவர் வாழும் சூழலையும் எண்ணியே முடிவு செய்தல் வேண்டும் என்றும் இன்றைய உளநூலார் கொள்கின்றனர்.

கிரீந்திரசேகரர் இச்சிக்கலை மருத்துவராக நின்றே அணுகினார். கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில், ஆசுதோஷ் முகர்ஜியின் ஊக்கத்தால், உளநூலுக்கென ஒரு துறை அக்காலத்திற் புதிதாகத் தோன்றியிருந்தது. நோயாளர் கூட்டம் பெருகி வந்த வேளையில், முப்பது வயதை எட்டிய அம்மருத்துவர் மாணவராக அத்துறையிற் புகுந்து 1917-ல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார், பின்னர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1921-ல் மனத்தின் அடக்குமுறை பற்றிய அவரது ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியப் பல்கலைக் கழகமொன்று உளநூலில் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அதுவே.

அடக்குமுறை என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸாரின் தடியை நினைத்தல் வேண்டா. மனம் தனக்கு ஒவ்வாத விருப்பமொன்றைத் தானும் அறியாவண்ணம் அடிமனத்தில் அமுக்கி விடுகின்றது. அமுக்கப்பட்ட விருப்பம் இறந்தொழியாது கனவாகவும் மறதியாகவும் நோயாகவும் வேற்றுருக் கொண்டு வெளிப்படுகின்றது. வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு இக்கொள்கையை ஐரோப்பாவில் விளக்கி வந்தார். பிராய்டின் நூல்களை அறிந்த கிரீந்திரசேகரர், எந்த ஆசானிடமும் சென்று பயிலாமல், தம் மனத்தைத் தாமே ஆராய்ந்தும் தம் நோயாளரைக் கொண்டும் அம்முறையைப் பழகிக் கொண்டார். தமது ஆராய்ச்சி நூலை அவர் பிராய்டுக்கு அனுப்பினார். தொலைவிலுள்ள ஒரு நாட்டில் தம் கொள்கைக்கு இத்தகைய செவிசாய்ப்பு உண்டாயிற்றே என்று பிராய்டு வியந்து மறுமொழி விடுத்தார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து பல ஆண்டு நீடித்தது. இருவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் நேரிற் கண்டதில்லை.

1922-ல் கல்கத்தாவில் பார்சிபாகன் சந்து 14-ஆம் எண்ணுள்ள தம் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பல்கலைக் கழக ஆசிரியர்களும், ராஞ்சியில் இருந்த ஐரோப்பியர் மனநோய் மருத்துவமனையின் தலைவரான பெர்க்லி-ஹில்லும் அதில் உறுப்பினராயினர். பாரிஸ் நகரத்தில் இத்தகைய சங்கம் 1926-ல் தான் தோன்றிற்று என்பதை நோக்க, கல்கத்தாவின் முந்துநிலை விளங்கும். அந்நாட்களில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி சுவையானது. ஜதீந்திரகுமார் சேன் என்னும் ஓவியர் பிராய்டைக் கண்டவர் அல்லர்; ஆயினும் அவருடைய கொள்கைகளைக் கேட்டு அவர் முகம் இங்ஙனம் இருத்தல் கூடும் என்று கற்பனையால் ஒரு படம் வரைந்தார். அதனை கிரீந்திரசேகரர் வியன்னாவுக்கு அனுப்பினார். படத்தில் இருந்தவரோ ஓர் ஆங்கிலேய கனவானைப் போலத் தோன்றினார். பிராய்டு அதன் அழகு தமக்கு மிகை எனப் பணிவுடன் எழுதி, தம் உண்மையான நிழற்படத்தை அனுப்பி வைத்தார். மேனாட்டு அறிஞர் என்றாலே ஆங்கிலேய முகம் வரைந்துவிடும் பழக்கம் அடிமை நாட்டில் ஓர் ஓவியரின் அடிமனத்தில் எப்படிப் புகுந்தது என்பதையே அச்சங்கத்தார் ஆராய்ந்திருக்கலாம்!

பிராய்டின் நோக்கு நோய்க்குக் காரணம் தேடியது. நோயை வகைப்படுத்தும் பணியைச் செய்தவர் வேறொருவர். எமில் கிரெப்பலின் என்னும் ஜெர்மானிய மருத்துவர், பிராய்டு பிறந்த அதே 1856-ல் பிறந்தவர். இவர் ஒவ்வொரு நோயாளரின் வரலாற்றையும் தனித்தனி அட்டையில் எழுதி, நோய் எப்படித் தொடங்கிற்று, எவ்வாறு நடந்தது, எங்கு முடிந்தது என்று ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்தார். ஒருநாள் தோற்றத்தை நம்பாமல் நோயின் முழு ஓட்டத்தையும் நோக்கியதே அவருடைய சிறப்பு. அவ்வட்டைகளைப் பிரித்து அடுக்கியதில் இரு பெருங்குடும்பங்கள் தோன்றின. களிவெறியும் துயரச் சோர்வும் மாறி மாறி வந்து இடையிடையே தெளிவு காண்பது ஒன்று. இளமையிலேயே தொடங்கிக் குரல் கேட்டல், வீண் ஐயம் கொள்ளல் முதலியவற்றோடு அறிவைப் படிப்படியே சிதைப்பது மற்றொன்று. பின்னதனை 1908-ல் பிளாய்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஸ்கிசோபிரீனியா எனப் பெயரிட்டார். தமிழில் மனச்சிதைவு என வழங்குகின்றோம். தாம் கண்ட வகைகள் கீழ்நாட்டிலும் உண்டோ என்று அறிய கிரெப்பலின் 1904-ல் ஜாவாத் தீவுக்கே சென்று அங்குள்ள நோயாளரைப் பார்த்தார். இவ்விரண்டன்றி, கை கழுவியும் கழுவியும் அமைதி பெறாமை, காரணமற்ற அச்சம் முதலிய மெல்லிய நோய்களும் உண்டு. இந்நாளில் உலகச் சுகாதார ஸ்தாபனம் வெளியிடும் நோய்ப்பட்டியலில் மனநோய்கள் மிக விரிந்து கிளைத்துள்ளன. ஆனால் கிரெப்பலின் நட்ட இரு தூண்கள் இன்னும் பெரும்பாலும் நிற்கின்றன.

இப்பெயர்களை முதன்முறை படித்த நாளில் எனக்குண்டான ஆறுதலைச் சொல்லாதிருத்தல் இயலாது. என் சிற்றப்பனாருக்கு வந்தது எழுமலைத் தொழுவத்தில் மட்டும் பிறந்த சாபம் எனவே எண்ணியிருந்தேன். அந்நோயை ஜெர்மனியில் ஒருவர் அட்டையில் எழுதியும், ஜாவாவில் கண்டும், பெயரிட்டும் வைத்துள்ளார். பெயர் ஒருவரை முத்திரை குத்தி ஒதுக்கவும் கூடும், அது மெய்யே. ஆனால் பெயரற்ற அச்சத்தைக் காட்டிலும் பெயருடைய நோய் எளிதிற் பொறுக்கத்தக்கது.

கிரீந்திரசேகரர் பிராய்டுக்கு வெறும் சீடராக அமைந்தவர் அல்லர். எதிர் விருப்பக் கொள்கை என்பது அவரது சொந்த ஆக்கம். நம் விருப்பம் ஒவ்வொன்றும் தனித்து எழுவதில்லை. அதற்கு நேர்மாறான மற்றொரு விருப்பம் அதனுடன் இரட்டையாகவே பிறக்கின்றது. பிறனை அடிக்க விரும்புபவன் நெஞ்சில், பிறனால் அடிபட வேண்டும் என்னும் விருப்பமும் மறைந்து கிடக்கும். குழந்தைக்கு ஊட்டும் தாய், தான் ஊட்டப்பெறும் குழந்தையாகவும் தன்னையறியாமல் ஆகின்றாள். அதனாலன்றோ அவளுக்கு அவ்வின்பம்! நலமுற்ற மனத்தில் இவ்விரண்டும் முறைமாறி நிறைவு பெறுகின்றன. ஒன்று மட்டும் வெளியே நின்று, மற்றது முற்றும் அமுக்கப்படும்போது பிணி தோன்றுகின்றது என்பது அவர் துணிபு. பழைய ஏற்றக் கிணறுகளை நம் முதியோர் அறிவர். ஏற்றமரத்தின் ஒரு முனை தாழ மறுமுனை உயரும். இரண்டும் அசைந்தால்தான் நீர் மேலேறும். ஒரு முனை கட்டுண்டு நின்றால் மரம் முழுதும் நின்றுவிடும். இவ்வுவமை என்னுடையதே. ஆனால் அவரும் நோயாளரை ஒருமுறை ஒரு பக்கத்திலும் அடுத்தமுறை எதிர்ப்பக்கத்திலும் நிறுத்திக் கற்பனை செய்யச் சொல்லி, அமுங்கிய விருப்பத்தைச் சிறிது சிறிதாக மேலே கொணர்ந்தார் என்று அறிகின்றோம். பகைவன் தன்னைக் கொல்ல வருகின்றான் என்று அஞ்சுபவனை, அப்பகைவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் செய்வது போல்வது அது.

இக்கொள்கை பற்றிய தம் கட்டுரைகளை 1929-ல் பிராய்டுக்கு அனுப்பினார். பிராய்டு மதித்துப் படித்தாராயினும் உடன்படவில்லை. இரு விருப்பங்கள் எதிரெதிர் நிற்றலாகிய வடிவத்தையே போஸ் காண்கின்றார், அவற்றை உந்தும் விசையைப் போதிய அளவு காணவில்லை என்பது அவருடைய கருத்தின் சுருக்கம். கிரீந்திரசேகரர் தம் நிலையினின்று பெயரவில்லை, வசை பாடவுமில்லை. 1931-ல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளை ஒட்டிக் கல்கத்தாச் சங்கத்தார் தந்தத்தாற் செய்த திருமால் உருவமொன்றை வியன்னாவுக்கு அனுப்பினர். பிராய்டு அதனைத் தம் மேசைமேல் வைத்துக் கொண்டார். வியன்னாவின் குளிரில் அதில் வெடிப்புகள் கண்டன. கல்கத்தாவின் வெப்பத்திற் பழகிய தெய்வத்திற்கு அந்நகரத்து வானிலை ஒவ்வாதோ என்று அவர் தம் நாட்குறிப்பில் வேடிக்கையாக எழுதினார். அவ்வுருவம் இன்று லண்டனில் அவர் வாழ்ந்த இல்லமாகிய காட்சிச்சாலையில் உள்ளது.

இதுவரை கூறியவை அறிஞர் அவையிற் பேசத்தக்கன. என் கருத்தில் கிரீந்திரசேகரரின் தலையாய செயல் வேறு. 1933-ல் கல்கத்தாக் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவமனையில் மனநோயாளருக்கென ஒரு வெளிநோயாளர் பகுதியைத் திறந்தார். நம் நாட்டிற் பொது மருத்துவமனையொன்றில் ஏற்பட்ட முதல் மனநோய்ப் பகுதி அதுவே. இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். காய்ச்சல் வந்தவரும், கால் முறிந்தவரும், குரல் கேட்பவரும் ஒரே வாயிலில் நுழைந்தனர். மருந்து பெற்று அன்று மாலையே வீடு திரும்பினர். மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு வேண்டுவதில்லை; போலீஸார் துணை வேண்டுவதில்லை. நலமுடையோர் மனமும் நோயுற்றோர் மனமும் ஒரே விருப்பங்களால் ஆனவை, அளவிலும் அமைப்பிலுமே அவை வேறுபடுகின்றன என்று தம் நூல்களில் எழுதியதை, ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அவர் நடத்திக் காட்டினார்.

1940-ல் கல்கத்தாவின் புறநகராகிய தில்ஜலாவில் லும்பினி பூங்கா என்னும் மனநோய் மருத்துவமனை பிறந்தது. தமையனார் ராஜசேகரர் அளித்த நிலத்திலும் மனையிலும், மிகச் சில படுக்கைகளுடன், சங்கத்தின் பொறுப்பில் அது தொடங்கிற்று. மதிலுக்கும் சங்கிலிக்கும் பதிலாகப் பேச்சையும் பரிவையும் முதன்மையாக வைத்து நோயாளரை நடத்துதல் அதன் நோக்கமாயிருந்தது. புத்தர் பிறந்த சோலையின் பெயரை அதற்கு வைத்தனர். துன்பமும் துன்பக் காரணமும் துன்ப நீக்கமும் உரைத்தவரின் பிறப்பிடமன்றோ அது? பின்னர் அம்மருத்துவமனை மேற்கு வங்க அரசினரைச் சேர்ந்தது.

கிரீந்திரசேகரரைப் புகழும்போது அவர் கொள்கையின் எல்லையையும் கூறிவிடுதல் நேர்மை. அச்சம், ஐயம், அலைக்கும் எண்ணங்கள் முதலிய மெல்லிய பிணிகளில் பேச்சு மருத்துவத்துக்குப் பயன் உண்டு. இன்று அது பல புது வடிவங்களில் நிகழ்கின்றது. ஆனால் மனச்சிதைவு போன்ற கொடிய நோயை அமுக்கப்பட்ட விருப்பம் ஒன்றாலேயே விளக்குதல் இயலாது என்பது பின்வந்த ஆராய்ச்சியாற் புலப்பட்டது. அவ்வகையில் அவருடைய ஊரிலேயே வேறொரு வழி திறந்து கொண்டிருந்தது. 1931-ல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி என்னும் நம் நாட்டு மூலிகை வேர் பித்தத்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கின்றது என்று எழுதினர். 1952-ல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்து அதன் பயனைக் கண்டனர். அதன் பின்னரே உலகெங்கும் பித்தர் விடுதிகளின் கதவுகள் பெருவாரியாகத் திறக்கலாயின. உடல், மனம், வாழ்க்கைச் சூழல் ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கும் இடத்திலேயே இந்நோய் முளைக்கின்றது என்பது இன்றைய நிலை.

பரம்பரையைப் பற்றி ஒரு சொல். சிற்றப்பனாருக்கு வந்தது எனக்கும் வருமோ என்னும் அச்சம் பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை. இதனை எழுதும் போதும் கை சற்றே தயங்குகின்றது. நூல்கள் கூறுவது இது: மனச்சிதைவு பொதுமக்களுள் ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவருக்கு வாழ்நாளில் நேரலாம், குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பின் உறவினருக்கு அந்த அபாயம் ஓரளவு மிகும், ஆயினும் அவ்வுறவினருள் மிகப் பெரும்பாலோரை அது தீண்டுவதில்லை. ஒரே கருவிற் பிறந்து ஒரே உருக்கொண்ட இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்த விடத்தும், மற்றவருக்கு வருதல் பாதியளவோ அதனினும் குறைவோ ஆகும். விதி என்று தலையில் அடித்துக் கொள்வதற்கு இதில் இடமில்லை.

கிரீந்திரசேகரரின் அறிவு ஒரு துறையில் அடங்கியதன்று. கனவைப் பற்றி வங்க மொழியில் எளிய நூலொன்று எழுதினார். புராணங்களின் கால ஆராய்ச்சியில் இறங்கினார். கீதைக்கு விளக்கம் வரைந்தார். சிவப்பெறும்பும் கட்டெறும்பும் போரிடும் கதையைச் சிறுவருக்காக எழுதினார். சிறுவர் கதையிலும் இரு பகைப்படைகள் எதிரெதிர் நிற்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. அடிமனத்தை ஆராய்பவர் தாம் எழுதும் எறும்புக் கதையிலும் தப்ப முடிவதில்லை போலும். 1947-ல் சங்கத்தின் சார்பில் சமீக்ஷா என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1953-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னரும் சங்கிலி நம் நாட்டை விட்டு உடனே நீங்கவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் விடுதியொன்றிற் தீப்பற்றிற்று. அங்கே சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றி எரிந்தனர். 28 பேர் மாண்டனர். யான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த கொடுமை அது. எங்கள் ஊரிலிருந்து ஒருநாட் பயணத்தில் அடையக்கூடிய இடத்தில் நிகழ்ந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், எவ்வகையிலும் எவ்விடத்தும் மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தல் ஆகாது என விலக்கியுள்ளது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்தது.

என் சிற்றப்பனாரைப் பதினோராம் நாள் மாலையில் அவிழ்த்தவர், ஊருக்கு வந்திருந்த என் அத்தையார். அவர் எவரையும் கேட்கவில்லை. அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தார். மறுநாட் காலை பேருந்தில் இருவரும் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றனர். அங்கே காய்ச்சற்காரரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நின்ற வரிசையிலேயே அவர்களும் நின்றதாக அத்தையார் பின்னாளிற் கூறினார். இப்போது சிற்றப்பனார் திங்கள்தோறும் அங்கே சென்று மாத்திரை பெற்று வருகின்றார். குரல்கள் முற்றும் நின்றபாடில்லை, தணிந்துள்ளன என்கின்றார். மண்டிக் கணக்கை மீண்டும் எவரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. ஆகையால் வீட்டுக் கணக்கை அவர் எழுதுகின்றார். சென்ற விடுமுறையில் என் கல்லூரிச் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தார். அதில் பதினான்கு ரூபாய் பிழை இருந்தது, பிழை என்னுடையது.